விடுமுறைப் பயணத்துக்கு வாடகை வீடு முன்பதிவு செய்யும்போது, பிறக்கப்போகும் குழந்தையையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

சேருங்கள். பயணத்தின்போது குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும் என்கிறீர்கள், அப்படியானால் ஏழு பேர் அல்ல, எட்டுப் பேர். பெயர் இல்லையே என்ற கவலை வேண்டாம். முன்பதிவுக்குப் பெரும்பாலும் ஒருவர் பெயர் போதும். வயது கேட்டால் 0 என்று போடுங்கள்.

தேடலில் எட்டுப் பேர் என்று போட்டதும் பல வீடுகள் மறைந்துவிடுகின்றன என்கிறீர்கள். அதற்குக் காரணம் அநேகமாகக் கட்டில் எண்ணிக்கை அல்ல, அந்த வீட்டின் ஆள் வரம்பு. தீப் பாதுகாப்பு, காப்பீடு போன்றவற்றை வைத்து அதை முடிவு செய்வதுண்டு. கைக்குழந்தையை எண்ணுவதில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு. ஏர்பிஎன்பி என்ற வாடகை வீட்டு இணையதளத்தில் 2 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அந்த வரம்பில் வரமாட்டார்கள். வேறு சில இடங்களில் தொட்டில் குழந்தையும் ஒரு ஆள்தான்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள்:

1. பெரியவர், சிறுவர், கைக்குழந்தை என்று தனித்தனியாகப் பிரித்துத் தேடுங்கள்.
2. பிடித்த வீட்டுக்காரருக்குப் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள்: "ஏழு பேரும் ஒரு கைக்குழந்தையும், சரியா? தொட்டில் உண்டா?" பதில் எழுத்தில் இருக்கட்டும். சொல்லாமல் கொண்டுபோய் வாசலில் நிற்பது வேண்டாம், பச்சைக்குழந்தையோடு இரவில் வேறு இடம் தேடுவது பெரும்பாடு.

ஒன்று மட்டும். குறித்த தேதியில் பிறக்கும் குழந்தைகள் குறைவு. அறுவை சிகிச்சை ஆனால் தாய் தேறவும் நாளாகும். பிரசவத் தேதி கழிந்து இரண்டு வாரம் வரையாவது இலவசமாக ரத்து செய்ய முடிகிற வீடாகப் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும்.