துணியில் குறை பார்க்கும் கேமரா: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அவிநாசியில் நிட்டிங் யூனிட் நடத்துகிறேன். துணியில் குறை கண்டுபிடிக்கும் 'ஏஐ' கேமரா என்று சொல்லி ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். இந்த ஏஐ என்பது என்ன? அப்பாவுக்கும் புரிய வேண்டும், பொறியியல் படித்த மகனுக்கும் புரிய வேண்டும்.

பதில்: முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். செக்கிங்கில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு யாரும் விதிமுறைப் புத்தகம் கொடுப்பதில்லை. ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை என்று பார்த்துப் பார்த்தே கண் பழகுகிறது. ஏஐ (செயற்கை நுண்ணறிவு) என்று அவர்கள் சொல்லும் கேமரா மென்பொருளும் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் பழகுகிறது. காட்டாத குறையை அது தவறவிடலாம்.

மகனுக்கு இரண்டு வரி போதும். படங்களால் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலையமைப்பு, குறை இருப்பதற்கான வாய்ப்பை ஓர் எண்ணாகத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் மெஷினை நிறுத்துவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்.

ஏஜென்ட் '99 சதவீதம் துல்லியம்' என்று சொல்லியிருப்பார். பலர் ஏமாறுவது இங்கேதான். 1,000 மீட்டரில் 10 மீட்டர் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவே இல்லாமல் 'எல்லாம் நல்ல துணி' என்று சொன்னாலும் 99 சதவீதம் சரியாகிவிடும்! ஆகவே, பழுதில் எவ்வளவைத் தவறவிட்டது, நல்ல துணியில் எவ்வளவைப் பழுது என்றது என்ற இரண்டு கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தும் பழைய சென்சாருக்கே 'ஏஐ' என்று பெயர் வைத்து விலையை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் மெலாஞ்ச் (பல நிற இழைகள் கலந்த நூலில் பின்னும்) துணி ஓட்டுபவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளி பழுது. மெலாஞ்சில் அந்தப் புள்ளிகள்தான் துணியின் அழகே. வெள்ளைத் துணிப் படங்களில் மட்டும் பழகிய கேமரா மெலாஞ்ச் ரோல் முழுவதையும் பழுது என்று சொல்லி நிறுத்திக்கொண்டே இருக்கலாம். தொல்லை தாங்காமல் ஆபரேட்டர் எச்சரிக்கை அளவைத் தளர்த்திவிட்டால், உண்மையான ஓட்டையும் தப்பிப் போகும். மெலாஞ்ச் படங்களைக் கொண்டு தனியாகப் பயிற்சி தருவார்களா, அந்தச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

'மானியம் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்' என்று அடுத்து ஒருவர் வருவார். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் எண்களை வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். மானியம் உண்டா இல்லையா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். ஏஐ பற்றிக் கருத்தரங்கு நடத்த அரசிடம் பணம் இருக்கிறது. பனியன் தொழிலில் இருப்பவர் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை. தரகர்கள் பிழைப்பது அதனால்தான்.

ஏஜென்ட் கொண்டுவரும் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பழுது ரோல்கள் சிலவற்றை எடுத்துவையுங்கள். பயிற்சிக்கு அவற்றைக் காட்டாமல், உங்கள் செக்கிங் மெஷினில், உங்கள் விளக்கு வெளிச்சத்தில், உங்கள் செக்கர் பக்கத்தில் நிற்க ஓட்டச் சொல்லுங்கள். பணப் பேச்சு அதற்குப் பிறகு.