அதே 40,000 சம்பளத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் கார் எப்படி?

வித்தியாசம் பெரும்பாலும் வாடகையில்தான் இருக்கும். நீங்கள் மதுரை அனுப்பானடியில் மாதம் 10,000 வாடகை கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒத்திக்கு இருந்தால், அதாவது வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதானால், வாடகையே கிடையாது. 8 லட்சம் கார் கடன், 9.5% வட்டி, 7 வருடம் என்றால் தவணை சுமார் 13,075. வாடகை மிச்சத்தோடு மூவாயிரம் சேர்த்தால் கட்டிவிடலாம்.

ஒத்திப் பணத்துக்கு மொய் ஒரு வழி. நம் பக்கம் காதுகுத்து வைத்தால் ஒரே நாளில் லட்சங்கள் கைக்கு வரும். அது வருமானம் இல்லை, மொய் நோட்டில் பேர் பேராக நிற்கும் கடன். முகூர்த்த மாதங்களில் அவர் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள், புரியும். பூர்விகச் சொத்தோ வெளிநாட்டுப் பணமோ இருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாமே கடன் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நீங்களும் ஒத்திக்குப் போவதானால்:

1. 6 லட்சம் ஒத்தியை 10% நகைக் கடனில் எடுத்தால் வருட வட்டி 60,000. உங்கள் வருட வாடகை 1,20,000.

2. முன்பணம் கொடுக்குமுன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், வங்கிக்குத்தான் முதல் உரிமை. ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.