கொல்லையை விக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபேனைப் பத்திப் பேசுவோம்

அக்கா, பாப்பாவை என்ன படிக்க வெக்கலாம்னு கேக்க நேத்து என் ஆபீஸுக்கு வந்தப்ப நீங்க அழுதுட்டீங்க, அதனால சொல்ல வந்ததுல பாதியை முழுங்கிட்டேன், இப்ப டைப் பண்ணி அனுப்புறேன், அண்ணனுக்கும் படிச்சுக் காட்டுங்க.

பாப்பாவோட இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு 121, அதுக்காகப் பயப்பட வேணாம்னு சொன்னேன்ல, அது நிஜம்தான். அதுக்கு மேல ஆறுதல் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. மேனேஜ்மெண்ட் கோட்டாவுல ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், நாலு வருஷத்துக்கு 7 லட்சம், ஹாஸ்டல் தனி, அதுக்கு 40 சென்ட் கொல்லையை விக்கணும் இல்லனா நகையை வைக்கணும்ங்கிறீங்க. வேணாம். இதையே படிக்க வைங்கனு பெங்களூர்ல இருக்கிற பெரியப்பா பையன் சொன்னானாம், நல்ல பையனாவே இருக்கட்டும், கடன் கட்டப் போறது அவன் இல்லையே. 7 லட்சத்துக்கு 11 பர்சென்ட்னு வெச்சாலே வருஷத்துக்கு 77,000 வட்டி, மாசம் 6,400 சொச்சம், அசல்ல ஒரு ரூபா குறையாம. அண்ணன் டெம்போ ஓட்டி டீசல் போக வீட்டுக்குக் கொண்டுவர்றதுல இதை எங்கேர்ந்து எடுப்பீங்க?

ஏஐ படிப்பு மோசம்னு சொல்லல, கணக்குல உக்காந்தா சாப்பாடு மறந்துபோற புள்ளைங்க இருக்கு, அதுங்களுக்கு அது சரி. பாப்பா அப்படி இல்ல. இருபது நிமிஷம் நான் கேட்ட எதுக்கும் வாயே திறக்கல, நீங்கதான் பதில் சொல்லிட்டிருந்தீங்க. போறப்ப நீங்க சலிச்சுக்கிட்டு "வீட்ல ஃபேனைக் கழட்டிப் போட்டு உக்காந்திருக்கு சார்"னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் நிமிர்ந்தா. புது மாதிரி பிஎல்டிசி ஃபேன், எலக்ட்ரீஷியன் போர்டு போச்சு மாத்தணும்னு 800 ரூபா கேட்டிருக்கான், இவ பிரிச்சுப் பாத்தா சார்ஜைச் சேத்து வெக்கிற கெபாசிட்டர்னு ஒரு சின்ன பார்ட் உப்பியிருக்கு, கடையில 15 ரூபாய்க்கு வாங்கி மாத்தியிருக்கா, ஃபேன் சுத்துது. அதுகூட பெருசில்ல. "கரண்ட்டை எடுத்துட்டு உடனே தொடல சார், சார்ஜ் இறங்கிடுச்சானு மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் தொட்டேன்"னு சொன்னா. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்கு அங்கயே முடிவாயிடுச்சு.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது முப்பது சொச்சம்தான், ஏன்னா உள்ள சுத்துற பாகத்துல காந்தம் இருக்கு, கூடவே ஒரு சின்ன போர்டு, அது வீட்டுக் கரண்ட்டை ஒரே திசையில போற டிசி கரண்ட்டா மாத்தி, எந்தக் காயிலுக்கு எப்ப கரண்ட் விடணும்னு ஒரு சிப் கணக்குப் போட்டு விடுது. டீக்கடையில பணம் வந்துச்சுனு கத்துற டப்பாவுக்குள்ளயும் சிப்பு, சிம்மு எல்லாம் இருக்கு. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியை எடுத்துக்கங்க, ஒரு மாதிரி பேக்ல 14 வரிசை செல், ஒவ்வொண்ணும் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், மொத்தம் 58.8. பிஎம்எஸ்னு ஒரு போர்டு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியா பாத்துக்கிட்டே இருக்கும், 13 நல்லா இருந்து ஒண்ணு மட்டும் இறங்கிட்டாலும் வண்டியை நிறுத்திடும். நின்னது செல்லால வந்ததா, சூடு பாக்குற சென்சாரா, அளவெடுக்கிற ஒயர் விட்டுப்போச்சானு கண்டுபிடிக்க ஆள் வேணும். முழு பேக்கையே மாத்துங்கனு சொல்ல யாராலயும் முடியும்.

உங்க ஊர்லேர்ந்து பஸ் ஏறினா ஓசூர், அங்க டிவிஎஸ், ஏத்தர், டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா, எல்லாம் வண்டியும் எலக்ட்ரானிக்ஸும் செய்ற ஃபேக்டரி. இதை விட்டுட்டு நாலு மாவட்டம் தள்ளி காலேஜ் தேடுறோம்.

அதனால நான் சொல்றது, அரசு பாலிடெக்னிக்ல ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமா. பத்தாவது ஃபெயிலானவன் போற இடம்னு உங்க நாத்தனார் சொல்லுவாங்க, சொல்லட்டும். பாப்பா பிளஸ் டூல மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கா, அதனால நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம், ரெண்டே வருஷம். ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம்தான். ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளிங்கிறதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வரும், டிப்ளமாவுக்கும் உண்டு. முடிச்சதும் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், கம்பெனியில வேலை பழகுறது, மாசாமாசம் உதவித்தொகையோட, இதைப் பாத்துக்கிற தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரிய ஆபீஸ் சென்னை தரமணியில இருக்கு. அப்புறமும் பிஇ வேணும்னு அவ கேட்டா லேட்டரல் என்ட்ரியில நேரா ரெண்டாம் வருஷம் போகலாம், கதவு எதுவும் மூடல.

படிக்கும்போதே சால்டரிங்ல, ஈயத்தை உருக்கி பார்ட்டை போர்டுல ஒட்டுறதுல, கை பழகட்டும். போன் போர்டுல கரண்ட்டைக் கட்டுப்படுத்துற ஒரு ரெசிஸ்டர் 1 மில்லிமீட்டர் நீளம் அரை மில்லிமீட்டர் அகலம், தும்மினா பறந்துடும், அதை மைக்ரோஸ்கோப்ல பாத்து எடுத்து மாத்துறதுக்குப் பேரு ரீவொர்க். போர்டுல ஈயம் ஒட்டினது சரியா தப்பானு பாக்க ஐபிசி-ஏ-610னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, ஃபேக்டரியில அதை வெச்சுத்தான் பாஸ், ஃபெயில் போடுவாங்க, அதுல சர்டிபிகேட் வாங்கின ஆளை இன்டர்வியூல வேற மாதிரி பாப்பாங்க.

இதுலயும் ஒரு வம்பு இருக்கு, மறைக்க மாட்டேன். டிப்ளமா முடிச்ச பொண்ணுங்களை அப்படியே அசெம்ப்ளி லைன்ல ஆபரேட்டரா நிறுத்திடுறாங்க, ஷிப்ட்டு, ஹாஸ்டல், வேன், மூணு வருஷம் ஒரே ஸ்க்ரூ. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பொண்ணு அப்படி மாட்டியிருக்கு. வேலைக்குப் போறப்ப டெஸ்டிங், ரீவொர்க், சர்வீஸ், இந்த மூணுல எது குடுப்பீங்கனு வாயைத் திறந்து கேக்கணும். அதுக்கு இந்த ரெண்டு வருஷத்துல பாப்பாவை நான் பேச வெச்சிடுறேன்.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் பேட்டரியையும் பிரிக்கட்டுமானு கேட்டா. கண்டிப்பா கூடாது. ஃபேன் வேற, லித்தியம் வேற, ஸ்பேனர் லேசா குறுக்க பட்டாலே தீப்பிடிக்கும். அவகிட்ட நானே சொல்லிட்டேன், நீங்களும் சொல்லி வைங்க.

அந்தக் காலேஜுக்கு அட்வான்ஸ் 25,000 அண்ணன் இன்னும் கட்டலைனுதானே சொன்னீங்க? கட்டாதீங்க. ஏஜெண்ட் போன் பண்ணா என் நம்பரைக் குடுங்க. திங்கக்கிழமை டிசி, மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்துட்டு வாங்க, அப்ளிகேஷனை இங்கயே போட்டுடலாம், பாப்பா அவ மீட்டரையும் எடுத்துட்டு வரட்டும், என் ஆபீஸ்ல ஒரு டேபிள் ஃபேன் ரெண்டு மாசமா ஓடாம சும்மா கிடக்கு.