பச்சை மாத்திரையும் மூன்று கிராம் கணக்கும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாசி பற்றித்தான். சுருள்பாசி (ஸ்பைருலினா), குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசி, கெல்ப் என்ற கடற்பாசி, பாசி எண்ணெய் எல்லாவற்றையும் 'பாசி மாத்திரை' என்ற ஒரே பெயரில் எழுதியிருக்கிறீர்கள். நான்கும் வேறு வேறு சரக்கு. ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அப்புறம், நான் உணவியல் ஆலோசகர். 'டாக்டர்' என்று போட வேண்டாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தினமும் ஆறு சுருள்பாசி மாத்திரை போடுகிறேன். புரதம் 60 சதவீதம் என்று டப்பாவில் இருக்கிறது. முட்டையை நிறுத்திவிடலாமா?
– ஜிம்முக்குப் போகும் கல்லூரி மாணவர், கோவை

60 சதவீதம் என்பது உண்மைதான். எதில் 60 சதவீதம்? ஒரு மாத்திரை அரை கிராம். ஆறு போட்டால் 3 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். பாசி விற்பவர்கள் எல்லாக் கணக்கையும் 100 கிராமுக்குத்தான் சொல்வார்கள். நாம் சாப்பிடுவதோ 3 கிராம். கிராமைப் பாருங்கள். முட்டையை நிறுத்த வேண்டாம்.

சுருள்பாசி ஆரம்பித்ததிலிருந்து மலம் கரும்பச்சையாகப் போகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பாசியின் நிறம்தான், பயம் வேண்டாம். ஆனால் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகப் போனால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

என் மகளுக்கு 16 வயது. ஹீமோகுளோபின் 8.5. இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறாள். அதற்குப் பதிலாகச் சுருள்பாசி கொடுக்கலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

கூடாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் இரும்பு தேவை. 3 கிராம் சுருள்பாசியில் கிடைப்பது சுமார் ஒரு மில்லிகிராம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. அதுவும் ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவுதான். 8.5க்கு வந்த பிறகு சிகிச்சையே வேண்டும். மாத்திரை பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள், வேறு வகை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் அதிகமா, குடற்புழு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பால்கூடச் சேர்ப்பதில்லை. பி12க்காக இரண்டு வருடமாகச் சுருள்பாசி எடுக்கிறேன். சமீபத்தில் பாதம் மரத்துப்போவதுபோல் இருக்கிறது. அளவைக் கூட்டலாமா?
– வங்கி ஊழியர், மயிலாப்பூர்

அளவைக் கூட்ட வேண்டாம். நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். இதை நான் எத்தனை தடவைதான் எழுதுவது! சுருள்பாசியில் நம் உடம்புக்கு உதவும் பி12 இருப்பது மிகச் சொற்பம். அதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், நம் உடம்பு அதை எடுத்துக்கொள்ளாது.

அப்படியானால் டப்பாவில் அவ்வளவு மைக்ரோகிராம் என்று எப்படிப் போடுகிறார்கள்? பி12ஐ அளக்கப் பழைய முறை ஒன்று உண்டு. ஒருவகை பாக்டீரியாவை விட்டு, அது எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அந்த பாக்டீரியாவுக்குப் போலியும் ஒன்றுதான், அசலும் ஒன்றுதான். இரண்டையும் தின்று கொழுக்கும். எண் பெரிதாக வரும், அதை லேபிளில் அச்சடித்துவிடுவார்கள். எல்லாரும் தெரிந்தே பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சங்கதி பல்லாண்டுகளாகத் தெரிந்ததுதான். இன்னமும் 'சைவர்களுக்கான பி12 சுரங்கம்' என்று விற்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை.

நெதர்லாந்தில் பி12 குறைந்த சைவக் குழந்தைகளுக்குப் பாசி வகைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. ரத்தப் பரிசோதனையில் பி12 எண் ஏறியது. ஆனால் ரத்த அணுக்களின் நிலைமை தேறவில்லை, இன்னும் மோசமாகத்தான் போனது. அதாவது ரிப்போர்ட்டும் உங்களை ஏமாற்றலாம். அதனால் மருத்துவரிடம் போகும்போது இரண்டு வருடமாகச் சுருள்பாசி எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். வெறும் பி12 போதுமா, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மீதைல்மலோனிக் அமிலமும் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கீரை, பருப்பு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். முகத்தில் வெளுப்பு தெரியாது, களைப்பும் பெரிதாக இருக்காது. நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கால் மரப்பு, எரிச்சல், மறதி, நாக்கு வழவழப்பாதல், நடையில் தள்ளாட்டம் எல்லாம் அதன் அறிகுறிகள். தாமதித்தால் சில சேதங்கள் திரும்பாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் பேன்டோப்ரசோல் போடுபவர்கள் அசைவமாக இருந்தாலும் கவனம் தேவை. இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

பி12 மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது. தொழிற்சாலையில் நுண்ணுயிர் கொண்டு செய்வது, விலங்கிலிருந்து எடுப்பதில்லை, உங்கள் சைவத்துக்குப் பங்கம் இல்லை. ஒரு மாதச் சுருள்பாசிச் செலவில் பல மாதத்துக்கு வாங்கலாம். உங்களுக்கு இப்போது ஊசியே தேவைப்படலாம்.

மேடம், எனக்கு தைராய்டு. பாசி சாப்பிடலாமா?
– வாசகி, ஊர் போடவில்லை

தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது, கழுத்தில். உங்களுக்கு அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமா? என்ன மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம்? எந்தப் பாசி? இதில் ஒன்றையும் எழுதாமல் பதில் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

பொதுவாகச் சொல்கிறேன். கெல்ப் என்பது குளிர்கடலில் வளரும் பழுப்புப் பாசி. அயோடினை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். நமக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அயோடின் உப்பிலேயே அது வந்துவிடுகிறது. ஒரு கிராம் கெல்ப் பொடியில் சில நூறும் இருக்கலாம், ஆயிரக்கணக்கிலும் இருக்கலாம், சரக்குக்குச் சரக்கு மாறும். குறைவாகச் சுரப்பவருக்கும் கூடுதல் அயோடின் சுரப்பியைப் படுத்திவிடும். தைராய்டு கோளாறு எதுவாக இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் கெல்ப் தொடாதீர்கள். சுருள்பாசி கடற்பாசி அல்ல, அதில் அயோடின் பெரிதாக இல்லை. ஆனால் காலை தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கொதிக்கும் பாலில் சுருள்பாசிப் பொடி போடலாமா?
– வாசகி, தேனி

போடலாம், ஆனால் அதன் நீல நிறமி சூட்டில் கெட்டுவிடும். வாசனையும் எழும்பும். ஆறிய பாலிலோ மோரிலோ கலக்குங்கள்.

ஐந்து மாத கர்ப்பிணி நான். சைவம். டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு வேண்டும் என்றார்கள். ஆளி விதை போதுமா, பாசி எண்ணெய் வாங்கவா?
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

நல்ல கேள்வி, விவரமாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாசிப் பொருள்களில் நான் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான். மீனில் இருக்கும் டிஹெச்ஏயும் மீன் சொந்தமாகத் தயாரித்ததில்லை, நுண்பாசியிலிருந்து உணவுச் சங்கிலி வழியாக வந்ததுதான். ஆளி விதையில் இருப்பது வேறு ஒமேகா-3. அது நம் உடம்பில் டிஹெச்ஏயாக மாறுவது மிகக் குறைவு. கர்ப்ப காலத்தில் தினம் 200 மில்லிகிராம் டிஹெச்ஏ என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. டப்பா முகப்பில் '500 மில்லிகிராம்' என்று பெரிதாக இருக்கும், அது எண்ணெயின் எடை. பின்பக்கம் டிஹெச்ஏ எவ்வளவு என்று தேடுங்கள். உறை ஜெலட்டினா என்றும் பாருங்கள், பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மீன் சாப்பிடும் வீடு என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி போதும், மாத்திரையே வேண்டாம்.

பாசி எடுக்க ஆரம்பித்த பிறகு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார் அப்பா. விற்றவர் அப்படித்தான் சொன்னாராம்.
– மகன், திண்டுக்கல்

இன்றே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் தெரிவியுங்கள். சுருள்பாசி சர்க்கரையையும் கொழுப்பையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. மாத்திரையின் இடத்தில் அதை வைக்க அது போதாது. டப்பாவிலேயே 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. விற்றவரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் மாவட்டத்திலேயே சுருள்பாசி வளர்க்கிறார்கள். நீங்கள் எழுதுவதைப் படித்தால் அது ஒன்றுக்குமே உதவாது போலிருக்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை

அப்படிச் சொல்லவில்லை, ஐயா. அதன் நிஜமான பலம் பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். 1990களின் தொடக்கத்தில் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்துச் சிறு பிள்ளைகள் சுமார் 5,000 பேருக்குத் தினம் ஒரு கிராம் வீதம் ஏறத்தாழ ஐந்து மாதம் கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் வெண்புள்ளிகள் நன்றாகக் குறைந்தன. ஒரு கிராமில் நடந்த வேலை அது, அதனால் மதிக்கிறேன். முருங்கைக்கீரையும் அதே வேலையைச் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துச் சுருள்பாசி வளர்க்கிறேன். இப்போது மேலே ஆடை மாதிரி படர்ந்திருக்கிறது. வடிகட்டி உலர்த்தினால் போதுமா?
– வாசகர், விழுப்புரம்

கொட்டிவிடுங்கள். சுருள்பாசி பிழைப்பது காரத்தன்மை மிகுந்த தண்ணீரில், பிஎச் 10 ஒட்டி. அது இறங்கினால் வேறு பாசிகள் புகுந்துவிடும். நீலப்பச்சைப் பாசிகளில் சில மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கும், குறி வைப்பது கல்லீரலை. உலர்த்தினாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் க்ளாமத் ஏரியிலிருந்து அள்ளி விற்ற பாசியில் இந்த நச்சு தென்பட்டதால்தான், 1997இல் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று அந்த மாநிலம் வரம்பு வைத்தது. நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிக்கத் தெரியாதவர் வளர்த்துச் சாப்பிடக் கூடாது. கடையில் வாங்குபவர்களும் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பார்ப்பதோடு, அந்தத் தொகுப்புக்கு (பேட்ச்) மைக்ரோசிஸ்டின், ஈயம், ஆர்சனிக் சோதனை அறிக்கை உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை.

முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கிறேன். எதிர்ப்புச் சக்திக்குக் குளோரெல்லா நல்லதா?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டாம். உங்கள் நோயே எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவதால் வருவது. அதைத் தூண்டிவிடுவானேன்? லூபஸ் என்ற இதே வகை நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் இதே பதில்தான், சுருள்பாசியும் சேர்த்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் குளோரெல்லா பக்கமே போகாதீர்கள். அதில் வைட்டமின் கே அதிகம், மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். புரதத்தின் ஒரு பகுதியை உடம்பால் உடைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு எந்தப் பாசிப் புரதமும் ஆகாது.

நோன்பு நேரத்தில் தினமும் கடல்பாசி செய்கிறோம். அதிலும் அயோடின் பயம் உண்டா?
– வாசகி, கீழக்கரை

கெல்ப் போன்ற பயம் இல்லை. உங்கள் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி மாதிரிச் சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுக்கும் நார்ப்பொருள் அது. மலச்சிக்கலுக்கு நல்லது. கொட்டும் சீனியைக் குறைத்தால் இன்னும் நல்லது.

அலங்கார மீன் கடையில் சுருள்பாசிப் பொடி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதையே சாப்பிட்டால் என்ன?
– வாசகர், கொளத்தூர்

மீன் தீவனத்துக்கு மனித உணவுக்கான சோதனை எதுவும் செய்வதில்லை. மீனுக்கே போடுங்கள்.