கட்டில் வெறுமையாக இருக்கட்டும், காடு சுவரில் வளரட்டும்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். நானும் என் கணவரும் கல்லூரி நாள்களிலிருந்தே ‘மை நெய்பர் டொட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் தீவிர ரசிகர்கள். பிறக்கப்போகும் குழந்தையின் அறையை அந்தப் படத்தில் வரும் காட்டைப் போலவே அமைக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. சுவர் முழுக்கப் பாத்திரங்களை ஸ்டிக்கராக ஒட்டி, கட்டிலுக்கு மேல் இலைப் பந்தல் கட்டி, கட்டிலுக்குள் டொட்டோரோ பொம்மைகளை அடுக்கி, பிரசவத்துக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கோ சுவரில் நாங்களே வரைய வேண்டும் என்று இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. “இரண்டே வருடத்தில் குழந்தைக்கு வேறு படம் பிடித்துவிடும், இதெல்லாம் வீண் செலவு” என்கிறார் என் அக்கா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கணவரின் திட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஏற்க முடியாது என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்குள் பொம்மை கூடாது. கட்டிலுக்கு மேல் பந்தலும் கூடாது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறக்காத காட்சி, அக்கா தங்கை இருவரில் சின்னவளான மே மரப்பொந்துக்குள் விழுந்து, அங்கே உறங்கிக்கொண்டிருக்கும் டொட்டோரோ என்ற காட்டு உயிரினத்தின் பெரிய வயிற்றின் மேல் படுத்துத் தானும் உறங்கிப்போவது. ரசிகர்களாக இருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் தம் குழந்தையை அப்படிப் படுக்கவைத்துப் பார்க்க ஆசை வரும். அதற்கென்றே மெத்தென்ற டொட்டோரோ படுக்கைகளும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் படத்திலிருந்து அறைக்குக் கொண்டுவரவே கூடாத காட்சி ஒன்று உண்டென்றால் அது இதுதான். மே நான்கு வயதுச் சிறுமி. தானாகப் புரண்டு எழத் தெரிந்தவள். பச்சிளங்குழந்தையால், முகம் மென்மையான பொருளில் புதைந்து மூச்சு முட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-இல் புதுப்பித்த பரிந்துரையிலும் இதையே வலியுறுத்துகிறது: குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், மெத்தை கெட்டியாகவும் சமதளமாகவும் சாய்வில்லாமலும் இருக்க வேண்டும், அதன் மேல் இறுகப் பொருந்தும் விரிப்பு ஒன்றைத் தவிரத் தலையணை, போர்வை, பொம்மை, கட்டிலின் ஓரங்களில் கட்டும் பஞ்சு மெத்தைத் தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பஞ்சுத் தடுப்புகளின் விற்பனையை அமெரிக்கா அதே ஆண்டில் சட்டம் போட்டே தடை செய்தது. தொங்கும் துணியும் கொடியும் இலைச் சரமும் குழந்தை பிடித்து இழுத்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடியவை. ஆகவே, அறை எவ்வளவு அழகாக அமைந்தாலும் கட்டில் மட்டும் மொட்டையாகத்தான் இருக்கும். கணவருக்கு வருத்தமாக இருக்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இதோடு அவருக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் இருக்கிறது. குழந்தை குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்காவது, பெற்றோர் உறங்கும் அறையிலேயே, ஆனால் தனிக் கட்டிலில் உறங்குவது நல்லது என்பதும் அதே பரிந்துரையில் உள்ளது. அப்படியென்றால் நீங்கள் அலங்கரிக்கும் அறை, தொடக்கத்தில் பகல் நேரத்துக்கும் உடை மாற்றுவதற்குமான இடமாகவே இருக்கும். எல்லாவற்றையும் பிரசவத்துக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரமே தேவையில்லை. வாசனை வரக்கூடிய வேலைகளை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பெயின்ட் அடிப்பதும் புதிய மர அலமாரிகளைப் பிரித்துப் பூட்டுவதும் அந்த வகை. அழுத்திச் செய்த மரப்பலகைகளிலிருந்து சில காலம் ஃபார்மால்டிஹைடு என்ற தீங்கான வாயு வெளிவரும். அவற்றைச் சன்னல் திறந்த அறையில் சில வாரங்களாவது காற்றாட விட வேண்டும். படம், திரைச்சீலை, பொம்மைப் பெட்டி போன்றவை குழந்தை வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

இனி வரைவதற்கு வருகிறேன். உங்கள் யோசனைதான் எனக்கும் பிடித்திருக்கிறது. ஹயாவோ மியாசாகி இயக்கி 1988-இல் வெளிவந்த அந்தப் படத்தைப் பார்த்து முடித்த பின் நம் மனத்தில் தங்கிவிடுவது டொட்டோரோவின் உருவம் மட்டுமில்லை. கலை இயக்குநர் கசுவோ ஓகாவின் தலைமையில் தீட்டப்பட்ட அந்தப் பின்னணிகள், மண்பாதை, கோடை வெயில், மரநிழல், வயல்வெளி எல்லாம் சேர்ந்துதான் அந்த உலகத்தை உண்டாக்குகின்றன. ஸ்டிக்கர் ஒட்டிய அறைகள் பலவும் கடையின் பொம்மைப் பிரிவைப் போலத் தோன்றுவதற்குக் காரணம், அவற்றில் பாத்திரங்கள் மட்டும் வந்து சேர்ந்து, அவர்கள் வாழ்ந்த இடம் வராமல் போவதே. ஒரு மாலையில் இருவருமாக உட்கார்ந்து படத்தை மறுபடியும் ஓடவிட்டு, பாத்திரம் எதுவும் இல்லாத காட்சிகளில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எந்த ஐந்தாறு காட்சிகளில் “இதுதான், இங்கேதான் இருக்க வேண்டும்” என்று இருவருக்கும் தோன்றுகிறதோ, உங்கள் அறைக்கான நிறங்களும் அமைப்பும் அவற்றிலேயே கிடைத்துவிடும்.

அப்படிப் பார்க்கும்போது, அந்தப் படத்தில் பச்சை என்பது ஒரே பச்சையாக இல்லை என்பதைக் கவனிப்பீர்கள். அருகிலுள்ள புல்லில் மஞ்சள் கலந்திருக்கும். தொலைவிலுள்ள மரங்களில் நீலம் கலந்து வெளிறியிருக்கும். நிழலுக்குள் இருக்கும் இலை ஏறக்குறையக் கறுத்தே இருக்கும். நான்கு சுவர்களுக்கும் ஒரே அடர்பச்சையைப் பூசினால் அறை சிறுத்து இருண்டுவிடும். சுவர்களுக்கும் கூரைக்கும் வெளிறிய, சற்றே மஞ்சள் கலந்த வெண்மையைப் பூசி, ஒரே ஒரு மூலையில் மட்டும் மரத்தை வளருங்கள். படத்தில் வரும் பெரிய கற்பூர மரத்தின் அடிமரம் அறையின் மூலையிலிருந்து எழுந்து, கிளைகள் இரண்டு பக்கச் சுவர்களிலும் விரிந்து, இலைகள் கூரையின் ஓரத்தைத் தொட்டு நிற்கும்படி வரைந்தால், மூலைக்கோடு மறைந்து அறைக்கு ஆழம் கிடைக்கும். பெரிய ஓவியத் திறமை இதற்குத் தேவையில்லை. அடிமரத்தின் கோட்டைச் சாக்பீஸால் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலும் மரத்தின் கோடு அதைத் தாங்கிக்கொள்ளும். இலைகளுக்குத் தூரிகையை விடக் கடற்பஞ்சு நல்லது. முதலில் அடர்ந்த பச்சையை ஒற்றி, அது காய்ந்த பின் நடுத்தரப் பச்சையை, கடைசியாக மஞ்சள் கலந்த இளம்பச்சையை ஒற்ற வேண்டும். அந்தக் கடைசி நிறத்தை மரம் முழுக்க ஒற்றாமல், அறையின் சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து இலைகளில் மட்டும் ஒற்றுங்கள். வரைந்த வெளிச்சமும் உண்மையான வெளிச்சமும் ஒரே திசையிலிருந்து வரும்போது, சுவரில் இருப்பது ஓவியம் என்ற எண்ணமே பாதி மறைந்துவிடும்.

பெயின்ட் நீர் சார்ந்ததாகவும், எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் குறைந்ததாகவும் இருக்கட்டும். டப்பாவின் மேல் ஈயம் சேர்க்கப்படாதது என்று அச்சிட்டிருப்பதையும் பார்த்து வாங்குங்கள். வீடு பழையதாக இருந்தால், சுவரிலும் சன்னல் சட்டங்களிலும் உள்ள பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தீங்கானது; குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. முறையாகச் சோதித்துப் பார்க்காமல் பழைய பூச்சில் கை வைக்க வேண்டாம். பூச்சு வேலை நடக்கும் நாள்களில் நீங்கள் அந்த அறைக்குள் இருக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை, உருளையைப் பிடிப்பது கணவரின் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது குழந்தையின் கண்ணுக்கு வருவோம். பெரும்பாலோர் மறந்துவிடும் பகுதி இது. பிறந்த குழந்தைக்கு இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். தூக்கி வைத்துப் பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. வெளிறிய நிறங்களுக்கு இடையிலான நுட்பமான வேறுபாடுகளை அறியச் சில மாதங்கள் ஆகும். நீங்கள் பார்த்துப் பார்த்து ஒற்றிய மூன்று பச்சைகளும் தொடக்கத்தில் உங்களுக்காகத்தான். அதில் தவறொன்றும் இல்லை, அந்த அறையில் குழந்தையோடு இருக்கப்போகிறவர்கள் நீங்கள்தானே. பச்சிளங்குழந்தையின் கண்ணை இழுப்பவை கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ளது போன்ற அழுத்தமான வேறுபாடும், முகம் போன்ற வடிவங்களும். உங்கள் படத்திலேயே அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். பழைய வீட்டின் இருட்டில் ஓடி ஒளியும் கரித்தூசி உருண்டைகளை நினைத்துப் பாருங்கள்: கறுத்த வட்டம், அதில் இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள். குழந்தைக்கு உடை மாற்றும் மேசையை ஒட்டிய சுவரில், அதன் தலை இருக்கும் உயரத்துக்கு அருகில், உள்ளங்கை அளவில் நான்கைந்து கரித்தூசி உருண்டைகளைச் சுவரிலேயே வரைந்துவிடுங்கள். காட்டையெல்லாம் விட்டுவிட்டு அவற்றையே குழந்தை உற்றுப் பார்க்கும். ஒட்டாமல் வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான்கைந்து மாதத்தில் கை எட்டிப் பிடிக்கத் தொடங்கும். விளிம்பு உரிந்த ஸ்டிக்கர் நேரே வாய்க்குப் போய்விடும்.

இதே காரணத்துக்காக, படத்தில் சிறுமிகள் பொறுக்கி மகிழும் ஓக் கொட்டைகளையும் உண்மையான கொட்டையாகவோ மரமணியாகவோ கோத்துத் தொங்கவிடாதீர்கள். தொண்டையில் அடைக்கும் அளவு அதுதான். சுவரின் அடிப்பகுதியில் புல்லுக்கு நடுவே வரைந்துவிட்டால், தவழும் வயதில் குழந்தை அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். கட்டிலுக்கு மேல் சுழலும் பொம்மை ஒன்றைக் கட்டியே ஆக வேண்டுமென்றால், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, ஐந்து மாதம் ஆனதும், அல்லது அதற்கு முன்பே குழந்தை கைகளை ஊன்றி எழத் தொடங்கினால் அப்போதே, கழற்றிவிட வேண்டும். கட்டில் இருக்கும் பக்கத்துச் சுவரில் சட்டம் போட்ட படமோ தட்டோ வேண்டாம். அலமாரி எவ்வளவு கனமானதாக இருந்தாலும் சுவரோடு திருகிப் பொருத்துங்கள். திரைச்சீலைக் கயிறு, விளக்குச் சர ஒயர் எல்லாம் கட்டிலிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் வரும் பூனை வடிவப் பேருந்தின் சன்னல்களிலிருந்து வரும் அந்த மஞ்சள் வெளிச்சம்தான் இரவு விளக்குக்கு மிகப் பொருத்தம். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; குறையக் குறைய மஞ்சள் கூடும்) அல்லது அதற்கும் குறைந்த, மங்கலான விளக்கைத் தரைக்கு அருகில், குழந்தையின் கண்ணில் நேராகப் படாதபடி வையுங்கள். நள்ளிரவில் எழுந்து பால் கொடுக்கும்போது வெள்ளை விளக்கைப் போட்டால் இருவருக்கும் தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும். அலங்கார விளக்குகளில் பொத்தான் பேட்டரி இருந்தால், அதன் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துவிடக்கூடியது.

அக்கா சொல்வதற்கு வருகிறேன். குழந்தையின் விருப்பம் மாறும் என்பதில் ஐயமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி இரண்டு வயது நிறையும் வரை திரை முன் உட்காரவைப்பதே பரிந்துரைக்கப்படவில்லை என்பதால், உங்கள் குழந்தை அந்தப் படத்தைப் பார்ப்பதற்கே நாளாகும். பார்த்த பின் வேறொரு படத்தின் மீது ஆசை போகலாம். அதற்காக அறையை வெறுமையாக விட வேண்டியதில்லை. சுவரில் மரமும் புல்லும் மட்டும் இருக்கட்டும். டொட்டோரோவும் மேயும் அவள் அக்கா சாட்சுகியும் திரைச்சீலையிலும் பெட்டி மூடியிலும் எளிதில் கழற்றக்கூடிய படத்திலும் இருக்கட்டும். கடல் பிடித்தாலும் டைனோசர் பிடித்தாலும் துணிகளை மாற்றினால் போதும். மரத்தடியில் டைனோசர் நிற்பது எந்தக் குழந்தைக்கும் உறுத்தாது. செலவும் அக்கா அஞ்சும் அளவுக்கு ஆகாது. சுவர் முழுக்க ஒட்டும் அச்சிட்ட தாளுக்கு ஆவதைவிட, மூன்று சிறிய டப்பா பச்சைக்கும் ஒரு டப்பா பழுப்புக்கும் குறைவாகவே ஆகும்.

கணவர் ஏற்கெனவே பெரிய டொட்டோரோ பொம்மையை வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். மரத்தை வரைந்த மூலையில் தரையில் உட்காரவையுங்கள். ஒரு வயது வரை குழந்தையை அதன் மேல் படுக்கவைப்பதில்லை என்பதை இருவரும் முடிவாக வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுப்பதற்காகக்கூட வேண்டாம். குப்புறப் படுத்துத் தலை தூக்கிப் பழகும் பயிற்சிக்குத் தரையில் விரித்த கெட்டியான விரிப்பே ஏற்றது. அதை அந்த மரத்தடியில் விரித்தால், தலை தூக்கும்போதெல்லாம் டொட்டோரோ எதிரில் தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தேர்ந்தெடுத்த நிறங்களில் சிறிய டப்பா வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டடிச் சதுரமாகக் கணவரைச் சுவரில் பூசச் சொல்லுங்கள். வாசனை போனதும் காலை வெயிலிலும், மாலையிலும், இரவு விளக்கின் வெளிச்சத்திலும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பச்சை நிறம் பகலில் கண்டதைவிட வேறாகத் தெரியும். இரவில் பார்த்தும் பிடித்திருக்கும் நிறத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.