உவர்க்கிணறும் கடலடி வாயுவும்: ஒரு தாயின் கேள்விக்கு

அம்மா, "கடலில எண்ணெய் தேடுற படிப்பாம், பொம்பிளைப் பிள்ளை கப்பலில போய் என்ன செய்யிறது?" என்று கேட்டீர்கள். உங்கள் காணியில் குழாய்க்கிணறு அடிக்க முன்னர், நீர் எங்கே என்று நிலத்தில் கம்பி ஊன்றி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள் என்றீர்களே. மகள் விரும்புவதும் அந்த வகை வேலைதான். இடம் மட்டும் ஆழ்கடல்.

உப்பு நீர் மின்சாரத்தை இலகுவாகக் கடத்தும். எண்ணெயும் வாயுவும் தடுக்கும். கடலடியைப் பார்க்க நெடுங்காலமாக இருப்பது அதிர்வு முறை. கப்பலிலிருந்து காற்றுத் துப்பாக்கியால் ஒலி எழுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவார்கள். அடுக்குகளின் வடிவம் தெளிவாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்பதில் இடறும்: கொஞ்ச வாயு கலந்த நீரும் நிறைந்த வாயுவைப் போலவே பளிச்சிடும். அதனால் கடலடியில் உணர்கருவிகளை இறக்கி, மின்முனைக் கம்பியை அடித்தளத்துக்குச் சற்று மேலே இழுத்துச் சென்று, தாழ் அதிர்வெண் மின்காந்த அலைகளால் பாறையின் தடைத்திறனை, அதாவது அது மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கிறார்கள். 2000 ஆம் ஆண்டு அங்கோலாக் கடலில் இதைச் சோதித்தார்கள்.

இந்த மின்காந்த முறையை மட்டும் நம்பவும் முடியாது. படம் மங்கலாக வரும். எரிமலைப் பாறையும் மின்சாரத்தைத் தடுக்கும்; நம் மன்னார்க் கடலடிப் படுகையிலும் அது உண்டு. அதிர்வு, மின்காந்தம் என்ற இரண்டு தரவையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அந்த வேலையில் பெரும்பகுதி கரையில், கணினிக்கு முன்னால் நடப்பது. கப்பல் பயத்தை விடுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மன்னாரில் 2011 இல் வாயு கண்டார்கள். வர்த்தக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. ஊரோடு எண்ணெய் வேலை கிடைக்கும் என்று நம்பிப் படிக்க வைக்காதீர்கள். பௌதிகவியலும் இணைந்த கணிதமும் பிடிக்கும் என்றால் படிக்கட்டும். பேராதனையில் புவிச்சரிதவியல், மொரட்டுவையில் புவி வளப் பொறியியல் துறைகள் உண்டு. பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி குறைந்து வேறு பீடம் கிடைத்தாலும், பௌதிகவியலும் நிரலாக்கமும் கையில் இருந்தால் பட்டப்பின் படிப்பில் இந்தப் பக்கம் திரும்பலாம். எண்ணெய் விலை விழுந்தால் ஆட்குறைப்பு வரும் துறை இது. அப்போதும் நிலத்தடி நீர் தேட இதே அறிவு வேண்டும். உவர் ஏறும் கரையோரக் கிணறுகள் நம்மிடம் எத்தனை!

பக்கத்துக் காணியில் கிணற்றுக்கு அளக்க வந்தால், அன்று டியூஷனுக்கு விடாமல் மகளை அவர்களோடு நிற்க விடுங்கள். அளவுகளைத் தன் கொப்பியில் எழுதட்டும்.