பாலைவனத்தில் பண்ணை விடுதி நடத்திய செல்வந்தர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் வாண்டர்பில்ட் கோடீஸ்வரக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பத்திரிகைக்காரராகி, பிறகு பாலைவனத்தில் விருந்தினர் தங்கும் பண்ணை நடத்தினார் என்று படித்தேன். அவர் யார்? அவ்வளவு வசதியில் பிறந்தவர் ஏன் அங்கே போனார்?
– ஒரு வாசகர், முதலமடை

பதில்: அவர் நான்காம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட். 1898இல் நியூயார்க்கில் பிறந்து 1974இல் மறைந்தார். படகுப் போக்குவரத்தில் தொடங்கி ரயில் பாதைகளால் பெருஞ்செல்வம் திரட்டி, 1877இல் இறந்தபோது சுமார் பத்துக் கோடி டாலர் விட்டுச் சென்ற முதல் கார்னீலியஸுக்கு இவர் எள்ளுப்பேரன். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த இவர்களது மாளிகையில் தாயார் கிரேஸ் அளித்த விருந்துகளுக்கு அழைப்பு வருவதையே பெரிய மனிதர்கள் தங்கள் அந்தஸ்துக்கு அடையாளமாகக் கருதினார்கள்.

இவருடைய தந்தை 1896இல் வீட்டாரின் எதிர்ப்பை மீறி அந்தக் கிரேஸை மணந்ததால், குடும்பச் சொத்தில் தமக்கு வரவேண்டிய பெரும் பங்கை இழந்தவர். மனத்துக்குப் பிடித்ததைச் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்ட அவரே, மகன் செய்தியாளர் வேலைக்குப் போனபோது அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. அந்த வட்டாரத்துச் சீமான்களைப் பொறுத்தவரை செய்தியாளர் என்பவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டியவர். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய மகனோ ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழில் சேர்ந்தார். பிறகு ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழிலும் பணியாற்றினார். 1923இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும், பின்னர் மயாமியிலும் சொந்தமாகப் படங்கள் நிறைந்த சிறுவடிவ நாளிதழ்களைத் தொடங்கினார். அவதூறும் பரபரப்பும் இல்லாமல், வீட்டில் எல்லாரும் படிக்கத் தக்க இதழாக நடத்துவதே அவர் எண்ணம். எண்ணம் நல்லதாக இருந்தும் கணக்கு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளிலேயே இதழ்கள் கைவிட்டுப் போயின. கடன் மட்டும் மிஞ்சியது. வீட்டார் அவரைச் சொத்திலிருந்தும் விலக்கினார்கள்.

நெவாடா மாநிலத்து ரினோ நகருக்கு அவரை இழுத்து வந்தது சொந்த வாழ்க்கை. 1927இல் முதல் மனைவியுடனான மணமுறிவு அங்கேதான் நடந்தது. அந்த ஊரைக் களமாக வைத்து 1929இல் ஒரு நாவலும் எழுதினார். பிறகு ரினோவை ஒட்டிய வறண்ட நிலத்தில் பண்ணை அமைத்து, கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்தார். அவர் வாழ்நாளில் ஏழு முறை மணம் செய்துகொண்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணமுறிவு தேடி அந்த ஊருக்கு வந்து இறங்குகிறவர்களின் மனநிலை அவருக்கு அனுபவத்திலேயே தெரியும்.

கேள்வி: பாலைவனத்தில் போய்த் தங்குவதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? எங்கள் பக்கம் சித்திரை வெயிலுக்குச் சொந்தக்காரர்களே வரத் தயங்குகிறார்கள்.
– ஒரு வாசகி, நகரி

பதில்: நீங்கள் நினைக்கும் மணற்குன்றுப் பாலைவனம் அல்ல அது. சியரா நெவாடா மலைத்தொடர் பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்துவிடுவதால், அதன் கிழக்கே இருக்கும் ரினோ மழை மறைவுப் பகுதியாகிவிட்டது. கேரளத்துக்குள் இருந்தும் மழைக்கு ஏங்கும் நம் எருத்தேம்பதி, வடகரைப்பதி ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். சாம்பல் பச்சை நிறத்தில் முழங்கால் உயரத்துக்கும் மேலாக வளரும் வாசனைப் புதர்களும், குதிரை ஓட்டுவதற்கேற்ற திறந்த வெளியும், எட்டத்தில் பனி மூடிய மலையும் அங்கே உண்டு.

விருந்தினர் பண்ணை என்னும் தொழில் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1880களில் டகோட்டா பகுதியில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஈட்டன் சகோதரர்களைத் தேடி வந்த நண்பர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். சாப்பாட்டுச் செலவு கட்டுப்படியாகாமல் போகவே, விருந்தினர்களே பணம் தர முன்வந்தார்கள். அந்தச் சகோதரர்கள் 1904இல் வயோமிங் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்து நடத்திய பண்ணை மிகவும் பெயர் பெற்றது. முதல் உலகப் போருக்குப் பிறகு மாட்டு விலை சரிந்தபோது, மேற்கு மாநிலங்களில் பல பண்ணைக்காரர்களின் அடுப்பு எரிந்ததே விருந்தினர் தந்த பணத்தால்தான்.

ரினோவுக்கு வந்த கூட்டத்துக்கு முதற்காரணம் சட்டம். அன்றைய நியூயார்க் மாநிலத்தில் மணமுறிவு பெற வேண்டுமென்றால் துணைவரின் பிறன்மனை உறவை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். வேறு காரணம் எதுவும் ஏற்கப்படாது. அடி உதை வாங்கிய பெண்ணுக்கும் அங்கே வழியில்லை. நெவாடாவிலோ மனக்கொடுமை என்று சொன்னாலே போதும். மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குடியிருப்புக் காலத்தை 1927இல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகவும், பொருளாதார மந்தத்தில் மாநிலம் தவித்த 1931இல் ஆறு வாரமாகவும் குறைத்தார்கள். சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

மணமுறிவு கேட்பவர் ஆறு வாரம் அங்கேயே இருந்தார் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்தச் சாட்சி, தங்கியிருந்த பண்ணையின் உரிமையாளரோ அங்கே வேலை பார்ப்பவரோதான். ஆகவே ஒவ்வொரு நாளும் காலைச் சிற்றுண்டியின்போதோ இரவு உணவின்போதோ விருந்தினர் முகத்தை அவர் கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது. வழக்கு நாளில் இருவரும் காரில் நகரத்து நீதிமன்றத்துக்குப் போவார்கள். விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடைப்பட்ட ஆறு வாரத்துக்குத்தான் குதிரைச் சவாரி, ஏரிக்கரைப் பயணம், எல்லாரும் ஒரே மேசையில் உண்ணும் இரவு உணவு எல்லாம்.

இதை ஒழுக்கக்கேடு என்று அந்நாளில் ஏசியவர்கள் பலர். நான் அப்படிக் கருதவில்லை. சொந்த மாநிலத்தின் சட்டம் கதவை அடைத்துவிட்டதால், பலர் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் ரயிலில் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு படுக்கையும் நல்ல சாப்பாடும், கேள்வி கேட்காத மனிதர்களும் கிடைத்தது பெரிய உதவி. அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு இந்த வழி எட்டாமலே போனதுதான் அநீதி. நியூயார்க் தன் சட்டத்தை 1966இல் திருத்தியது. மற்ற மாநிலங்களும் தளர்த்தவே, பண்ணைகளில் கூட்டம் குறைந்துவிட்டது.

கேள்வி: வாண்டர்பில்ட் உண்மையான பத்திரிகையாளர்தானா, அல்லது பணக்காரரின் பொழுதுபோக்கா?
– ஓர் ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்மையான பத்திரிகையாளர்தான். குடும்பப் பெயர் அவருக்கு அரண்மனைக் கதவுகளையும் அமைச்சர் அறைகளையும் திறந்துவிட்டது. மற்ற செய்தியாளர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. அதை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே நடந்தவற்றைப் படம்பிடித்து வந்தார். அதைக் கொண்டு ‘ஹிட்லரின் பயங்கர ஆட்சி’ என்று பொருள்படும் தலைப்பில் 1934இல் வெளியான படம், நாஜிகளை எதிர்த்து அமெரிக்காவில் முதன்முதலில் எடுக்கப்பட்ட படங்களில் ஒன்று. நடித்துக் காட்டிய காட்சிகளும் அதில் கலந்திருந்தன. கலை நயம் குறைவு என்றே பலரும் சொன்னார்கள். ஆனாலும் பெரும் படநிறுவனங்கள் ஜெர்மன் சந்தையை இழக்க விரும்பாமல் வாய்மூடி இருந்த காலத்தில் அவர் வாய் திறந்தார். ஜெர்மன் தரப்பு எதிர்த்தது, தணிக்கையும் குறுக்கிட்டது. பல பதிற்றாண்டுகள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தப் படத்தின் பிரதி பெல்ஜியத்து ஆவணக் காப்பகத்தில் கிடைத்து, 2013இல் நியூயார்க்கில் மீண்டும் திரையிடப்பட்டது. ஏழு திருமணங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு படத்தையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் மாந்தோப்பு வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடலாமா என்று யோசிக்கிறோம். கோவையிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பண்ணைகளிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா?
– ஒரு குடும்பத் தலைவி, கொல்லங்கோடு

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், அம்மா. கேரள சுற்றுலாத் துறை வீட்டுத் தங்கல்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ரினோ பண்ணைகள் நிலைத்ததும் அதனால்தான்: வீட்டுக்காரர் எப்போதும் கூடவே இருந்தார், ஒரே மேசையில் உண்டார். வந்தவர்களைப் பற்றி வெளியே பேசாமல் காத்ததும் அவற்றுக்குப் பெயர் வாங்கித் தந்தது. விருந்தினர் படத்தை அவர்கள் அனுமதியின்றி இணையத்தில் போட வேண்டாம். மாம்பழக் காலத்தில் பறிப்பு வேலை நடக்கும் பக்கம் அவர்களை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மருந்து தெளிக்கும் நாட்களில் அறைகளை விடாதீர்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதைக் குடிவரவு அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும்.